"உங்கள் பிள்ளை வந்திருக்கிறாள்": மாற்றுத்திறன் குழந்தைகளும் வகுப்பாசிரியரின் மனமும்

சுண்ணக்கட்டி:

அனைவருக்கும் வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் 14 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். சென்ற மாதம் வட்டார வள மையத்தில் நடந்த பயிற்சியின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு படிவம் தந்தார்கள். "மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் பிற குழந்தைகளுடன் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும்" என்ற வாக்கியத்துக்கு நேராக, "முழுமையாக உடன்படுகிறேன்" என்பதில் தொடங்கி "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள் இருந்தன. நான் எட்டிப் பார்த்த வரையில் என் வரிசையில் அனைவரும் முதல் கட்டத்திலேயே குறியிட்டார்கள். நானும் அப்படியே செய்தேன். தேநீர் இடைவேளையில் அதே வரிசையில் நடந்த பேச்சு வேறாக இருந்தது. "சேர்க்க வேண்டியதுதான், ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்?" என்று ஒருவர் கேட்டபோது எல்லோரும் தலையசைத்தோம். அப்போதும் நான் தலையசைத்தேன்.

அன்று முதல் ஒன்று என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏழாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். பேச்சு சற்று மெதுவாக வரும், கை நடுங்கும், எழுதுவதற்கு நேரம் எடுக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் சிறப்புப் பயிற்றுநர் வருவார். அவர் வாசலில் தெரிந்ததும், "டீச்சர், உங்கள் பிள்ளை வந்திருக்கிறாள், அழைத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்வது என் வழக்கம். வாரத்தில் ஐந்து நாள் என் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் ஒரு குழந்தை, ஒரு நாள் நாற்பது நிமிடம் வந்து போகிறவரின் பிள்ளை எப்படி ஆனாள் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆசிரியரின் மனப்பாங்கு மாறினால் வகுப்பறை மாறும் என்கிறார்கள். வகுப்பறை அமைந்திருக்கும் விதம்தான் இந்த மனப்பாங்கை உண்டாக்குகிறதோ என்பது என் ஐயம். இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

வட்டாரப் பயணி:

சுண்ணக்கட்டி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் அந்த டீச்சர்களில் நானும் ஒருத்தி. ஒரு வட்டாரத்தின் பல பள்ளிகளுக்குப் பேருந்தில் போய்வருகிறேன், ஒப்பந்தப் பணி. பள்ளிக்குள் நுழையும்போது என் காதில் விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும் நீங்கள் எழுதியதுதான். அதை யாரும் வெறுப்போடு சொல்வதில்லை என்பதால்தான் எனக்கு அது அதிகமாக வலிக்கிறது. நாற்காலி போடுகிறார்கள், தேநீர் தருகிறார்கள், பிறகு குழந்தையையும் என்னையும் தாழ்வாரத்தில் விட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் வகுப்பில் நடந்த பின்னங்களை அந்தக் குழந்தை இழந்துவிடுகிறது. என்னிடம் கற்றுக்கொண்டதையும் வகுப்பில் யாரும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1974ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரே ஒருங்கிணைந்த கல்வி. பள்ளி இருந்தபடியே இருக்கும். குழந்தைதான் அதற்கேற்பத் தயாராகி உள்ளே வர வேண்டும். தயாராக்குவதற்குத் தனி ஆசிரியர் ஒருவர் இருப்பார் என்பதே அதன் உள்ளுறை. பிறகு சர்வ சிக்ஷா அபியான் வந்தது, 2018இல் சமக்ர சிக்ஷா வந்தது, பெயரும் உள்ளடக்கிய கல்வி என்று மாறியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறன் உள்ள மாணவரும் இல்லாதவரும் சேர்ந்து கற்பதையும், கற்பிக்கும் முறையை வெவ்வேறு வகை மாற்றுத்திறன் மாணவரின் கற்றல் தேவைக்கு ஏற்ப மாற்றியமைப்பதையும் உள்ளடக்கிய கல்வி என்று வரையறுக்கிறது. மாற வேண்டியது முறை என்று சட்டம் சொல்கிறது. பள்ளியின் கால அட்டவணையோ இன்னும் 1974லேயே நிற்கிறது.

எனவே உங்கள் ஐயத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை வருகிற ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அமைப்பில், வகுப்பாசிரியர் அந்தப் பொறுப்பைத் தன்னுடையதாக நினைக்காமல் போவது இயல்பு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை முன்வைத்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்து பள்ளியிலேயே ஒருவர் இருந்தால் நிலைமை மாறுமா? எனக்கு இன்னொரு அச்சமும் உண்டு. முன்பு செவ்வாய்க்கிழமை மட்டும் "உங்கள் பிள்ளை" ஆக இருந்தவள், இனி ஐந்து நாளும் "உங்கள் பிள்ளை" ஆகிவிடக்கூடும்.

அளவுகோல்:

கல்வியியல் ஆய்வு மாணவன் என்ற முறையில், அந்தப் படிவத்தைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

1996இல் ஸ்க்ரக்ஸ், மாஸ்ட்ரோபியரி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், 1958 முதல் 1995 வரை வெளிவந்த 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பதில் சொன்ன ஆசிரியர்கள் மொத்தம் 10,560 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சேர்த்துக் கற்பிக்கும் கருத்தை ஆதரித்தார்கள். அதற்குப் போதுமான நேரமும் பயிற்சியும் தம்மிடம் இருப்பதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் படிவத்தில் போட்ட குறியும் தேநீர் இடைவேளையில் அசைத்த தலையும் இந்த இரு எண்களுக்கு இடையில்தான் இருக்கின்றன. ஒன்று பொய், மற்றது மெய் என்று கொள்ள வேண்டியதில்லை. முதல் கேள்வி கொள்கையைப் பற்றியது, இரண்டாவது நாளைக் காலை வகுப்பைப் பற்றியது.

2011இல் டி போர் முதலிய மூவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய 26 ஆய்வுகளை மறுபடி பரிசீலித்தபோது, பெரும்பாலான ஆசிரியர்கள் நடுநிலையாகவோ எதிர்மறையாகவோ இருப்பதாகக் கண்டார்கள். மனப்பாங்கைத் தீர்மானிப்பவையாக அவர்கள் குறிப்பிட்டவை பயிற்சியும், அத்தகைய மாணவரோடு முன்பே பழகிய அனுபவமும், குறைபாட்டின் வகையும் ஆகும். இந்த மூன்றாவதைப் பற்றி நம்மில் யாரும் பேச விரும்புவதில்லை. உடல் இயக்கக் குறைபாடு உள்ள குழந்தையை ஏற்பதில் காட்டும் தாராளம், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தையிடமும் நடத்தையால் வகுப்பைக் குலைக்கும் குழந்தையிடமும் சுருங்கிவிடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சாய்தளம் கட்டிவிட்டால் சக்கர நாற்காலி உள்ளே வந்துவிடும். வகுப்பின் நடுவில் எழுந்து ஓடும் குழந்தைக்குச் சாய்தளம் எங்கே கட்டுவது என்று தெரியாததால்தான் நமக்குப் பயம்.

பழந்தலைமை:

ஓய்வுபெற இரண்டாண்டு உள்ள தலைமை ஆசிரியன் நான். இங்கே எழுதுகிறவர்கள் நல்ல எண்ணத்தோடு எழுதுகிறீர்கள். ஆனாலும் ஆசிரியரின் மனம் என்று பேசத் தொடங்கினாலே எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது. எது குறைந்தாலும் இறுதியில் ஆசிரியரின் மனத்தில்தான் குறை என்று முடித்துவிடுவது மிகவும் செலவு குறைந்த தீர்வு அல்லவா?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. என் பள்ளியில் ஒரே ஆசிரியை இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, இடையில் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகையைப் பதிவேற்றி, சத்துணவுக் கணக்கையும் பார்க்கிறார். பத்தாம் வகுப்பு இருக்கும் பள்ளிகளின் நிலை இன்னும் கடினம். மாவட்டக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டை வாசிக்கும்போது, 98 என்றால் அந்த இரண்டு பேர் யார் என்று எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். அந்த இருவரில் ஒருவர் அறிவுசார் குறைபாடு உள்ள மாணவர் என்று சொன்னால், "முன்பே ஏன் கவனிக்கவில்லை?" என்று அடுத்த கேள்வி வரும். இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போய்வரும் தலைமை ஆசிரியர், அடுத்த சூன் மாதம் சேர்க்கைக்கு வந்து நிற்கும் குழந்தையை எந்தக் கண்ணோடு பார்ப்பார்?

நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்று எழுத ஆசைதான். "அருகில் சிறப்புப் பள்ளி இருக்கிறதே, அங்கே இதைவிட நன்றாகக் கவனிப்பார்களே" என்று இரண்டு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அது ஆலோசனைதான் என்று அப்போது என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

தூறல்:

பழந்தலைமை ஐயா, அந்த ஆலோசனையை நான் நான்கு பள்ளிகளில் கேட்டிருக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். யாரும் "சேர்க்க முடியாது" என்று சொல்லவில்லை, ஏனெனில் அப்படிச் சொல்வது சட்டப்படி தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். "உங்கள் பிள்ளையின் நன்மைக்காகத்தான் சொல்கிறோம் அம்மா" என்றுதான் ஒவ்வொருவரும் தொடங்கினார்கள். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு சான்றளிக்கப்பட்ட குழந்தை 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அந்தத் தெரிவைக் குழந்தையின் பக்கம் நின்று செய்ய வேண்டும். வாசலில் நிற்கும்போது பள்ளி அதை எங்களுக்காகச் செய்து கொடுத்துவிடுகிறது.

ஐந்தாவது பள்ளியில் ஓர் ஆசிரியை சேர்த்துக்கொண்டார். அவருக்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லை. முதல் வாரம் மணி அடிக்கும்போதெல்லாம் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது என்ன செய்வீர்கள்?" என்பது. முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்றேன். மறுநாளிலிருந்து, மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் மேசையில் ஒரு சிவப்பு அட்டையை வைத்துவிடுவார். மூன்று வாரம் கழித்து அட்டையை வைக்கும் வேலையைப் பக்கத்து இருக்கைப் பையன் எடுத்துக்கொண்டான். இதற்கு அரசாணையோ நிதியோ தேவைப்படவில்லை. ஆயினும் அவர் மாறுதலில் சென்ற பிறகு வந்தவர் அந்த அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நல்ல மனத்தை மட்டும் நம்பியிருந்தால் இதுதான் நேரும்.

புள்ளி ஆறு:

நான் பார்வையற்றவன், அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன், இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாணவனாகவும் ஆசிரியனாகவும் வகுப்பறையின் இரு பக்கமும் இருந்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

எல்லோரும் எதிர்மறை மனப்பாங்கைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னை அதிகம் பின்னுக்குத் தள்ளியது இரக்கம். ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியர் மிகவும் அன்பானவர். "இதை இந்தப் பக்கம் கொண்டுவந்து, இதோடு இதைக் கூட்டினால் இது வரும்" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவார். அந்த ஐந்து "இது"களில் எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால், "நீ சிரமப்படாதே தம்பி, உனக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறேன்" என்பார், போட்டும்விடுவார். "இருபக்கமும் ஐந்தைக் கழித்தால் எக்ஸ் சமம் ஏழு" என்று அவர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த மதிப்பெண் தானமாக வேண்டியிருந்திருக்காது. அப்படிச் சொல்லியிருந்தால் கடைசி வரிசையில் கண்ணாடி வாங்க வசதியின்றி இருந்த இருவருக்கும் பாடம் கேட்டிருக்கும் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

அளவுகோல் அவர்களிடம் ஒரு கேள்வி. அந்த ஆசிரியரிடம் உங்கள் படிவத்தைக் கொடுத்தால் அவர் எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? முதல் கட்டத்தில்தான், அதுவும் முழு மனத்தோடு. ஆகவே அன்பு உண்டா என்று அளப்பதை விட்டு, இந்தக் குழந்தையால் கற்க முடியும் என்ற எதிர்பார்ப்பு உண்டா என்று அளக்க வழியிருக்கிறதா?

அளவுகோல்:

ஓரளவு உண்டு. தன்னால் இதைச் செய்ய முடியும் என்ற ஆசிரியரின் தன்னம்பிக்கையைத் தனியே அளக்கும் படிவம் ஒன்றை ஷர்மா, லோர்மன், ஃபோர்லின் ஆகியோர் 2012இல் வெளியிட்டார்கள். கற்பிக்கும் முறை, சக ஆசிரியரோடும் பெற்றோரோடும் சேர்ந்து செயல்படுவது, நடத்தையைக் கையாளுவது என்று மூன்று கூறுகளாக அது கேட்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் எதிர்பார்ப்பைப் படிவத்தைவிட, அந்தக் குழந்தையின் நோட்டுப் புத்தகமே சரியாகக் காட்டும். திருத்தப்பட்ட பக்கம் எத்தனை, வெறும் "பார்த்தேன்" குறி மட்டும் உள்ள பக்கம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

ஒற்றைக்கொம்பு:

வெளியே தெரியாத குறைபாட்டைப் பற்றி ஒரு சொல். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016இல் அவை 21 ஆயின. அப்போதுதான் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு பட்டியலுக்குள் வந்தது. அதற்கு முன் அந்தக் குழந்தைகளுக்கு நம் பள்ளிகளில் "சோம்பேறி" என்பதே பெயர். தமிழ் எழுத்தில் அவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. "கெ" என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் எகரத்தின் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. "கொ" என்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் போய்விடுகின்றன. இதில் தடுமாறும் பிள்ளையைப் பத்து முறை எழுதச் சொல்வது, பத்து முறை அதே தடுமாற்றத்தைப் பயிற்றுவிப்பதுதான். என் மகளின் ஆசிரியர் இதைப் புரிந்துகொண்ட நாளில் தண்டனைதான் முதலில் நின்றது. படிப்பு அதற்குப் பிறகு மெதுவாக வந்தது.

விரல்மொழி:

செவித்திறன் இல்லாதவள் நான். இந்த இழையில் எல்லோரும் ஒரே திசையில் போவதால் மறுதிசையில் ஒன்றைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை பொதுப் பள்ளியில் படித்தேன். ஆசிரியர்கள் நல்லவர்கள், முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். ஆனால் அவர்கள் பலகையை நோக்கித் திரும்பியதும் உதடுகள் மறைந்துவிடும். பின்வரிசையில் யாராவது பதில் சொல்லி வகுப்பே சிரிக்கும்போது நானும் எதற்கென்று தெரியாமல் சிரிப்பேன். ஒன்பதாம் வகுப்பில் சிறப்புப் பள்ளிக்கு மாறியபோதுதான், சைகையில் சண்டை போடவும் கிண்டல் செய்யவும் கூடிய தோழிகள் கிடைத்தார்கள். பாளையங்கோட்டை போன்ற ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிய இத்தகைய பள்ளிகளைப் பிரித்துவைக்கும் இடங்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. எங்களுக்கு அவை ஒரு மொழி வாழும் இடங்கள்.

கேளாத, பார்வையற்ற மாணவருக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்று அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சைகை மொழி அறிந்த ஒருவரும் இல்லாத வகுப்பில் என்னை உட்காரவைத்துவிட்டு, உள்ளடக்கிவிட்டோம் என்று ஆசிரியர் நினைத்தால் அதுவும் ஆராயப்பட வேண்டிய மனப்பாங்குதான்.

சுண்ணக்கட்டி:

எல்லோருக்கும் நன்றி. விரல்மொழி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. என் மாணவியிடம் அவளுக்கு எந்த ஏற்பாடு வேண்டும் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். "செவ்வாய்க்கிழமை வெளியே போக வேண்டாம் சார்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்குச் சற்று நேரமானது. நான் நடுவில் வாக்கியத்தை முடித்துவைக்காமல் காத்திருந்தேன்.

இந்த வாரம் சிறப்புப் பயிற்றுநரிடம் வகுப்புக்குள்ளேயே இருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். பின்னங்களைக் காகித மடிப்பில் அவர் ஒரு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார்; என் மாணவியோடு சேர்த்து அந்தக் குழுவில் ஆறு பேர். அவர்களில் மூவர் கீழ்வகுப்பிலிருந்தே பின்னத்தைக் கண்டு ஓடியவர்கள். இரைச்சல் அதிகமாக இருந்தது, திட்டமிட்ட பாடத்தில் பாதிதான் முடிந்தது, தலைமை ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பழந்தலைமை ஐயா சொன்ன நெருக்கடி எதுவும் தீர்ந்துவிடவில்லை. பாடத்திட்டம் பின்தங்கினால் என்னைத்தான் கேட்பார்கள்.

வட்டாரப் பயணி அவர்களிடம் ஓர் உதவி. அடுத்த வாரம் வட்டம் வரைதலும் கோணம் அமைத்தலும் தொடங்குகின்றன. கவராயத்தை அழுத்திப் பிடித்துச் சுழற்ற அவளால் இயலாது. இந்தப் பாடத்தை மட்டும் அவளுக்கு விட்டுவிடலாமா என்று நேற்று வரை நினைத்தேன். புள்ளி ஆறு ஐயாவின் கணித ஆசிரியர் நினைவுக்கு வந்துவிட்டார்.

வட்டாரப் பயணி:

விட வேண்டாம் சார். ஒரு மென்பலகையில் காகிதத்தை நான்கு மூலையிலும் ஒட்டிவிடுங்கள். நடுவில் பலகை ஊசி ஒன்றைக் குத்தி, அதில் நூல்வளையம் மாட்டி, வளையத்துக்குள் தடிமனான கிரேயானை விட்டு அவளை இழுக்கச் சொல்லுங்கள். கோடு நடுங்கும்; நூல் இழுபட்டே இருந்தால் வட்டம் வட்டமாகத்தான் வரும். ஆரம் என்பது இழுபட்ட நூல்வளையத்தின் நீளம் என்பதை மற்றவர்களைவிட அவள் முன்னதாகப் புரிந்துகொள்ளவும் கூடும்.

கோணம் அமைத்தலுக்கு அவளையும் பக்கத்து இருக்கை மாணவியையும் இணையாக்குங்கள். அவள் ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும், மற்றவள் கவராயத்தையும் பாகைமானியையும் கொண்டு வரைய வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் அவளுக்குக் கிடைக்கும்போது, சொல்லிப் பழகிய வாய் மிகவும் உதவும். தேர்வுக்கு முந்தைய மாதம் தொடங்கினால் அது வராது. வரைகிறவளிடம் மட்டும் ஒன்றை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: இவள் 60 பாகைக்குப் பதில் 120 பாகை என்று சொன்னால் 120 பாகையையே வரைய வேண்டும், தானாகத் திருத்தக் கூடாது.